போன் எடுக்காத ஏஜென்ற்

— தும்மல் வரேல்லை, பாலா. அதுதான் இறங்கி வந்தனான்.

— தும்மல் வராட்டில் சந்தோசப்பட வேணும், சிசிலி அக்கா. என்ரை மிளகாய்த் தூளாலை உங்களுக்கு மூக்கே இல்லாமல் போச்செண்டு நீங்கள் சொல்லாத ஆள் இந்த மொன்றியல் ஹட்சிசன் தெருவிலை ஆர் இருக்கினம்?

— சொன்னனான்தான். ஆனால் நீர் கீழை மில்லைப் போட, நான் மேலை இருந்து தும்மிறது பழகிப் போச்சு. இண்டைக்கு மூக்கு சும்மா கிடக்கு. மில் ஓடேல்லை. முன் கடையிலை லைட் போடேல்லை. நான் ஏன் கேக்கிறன் எண்டால், ஞாயிற்றுக்கிழமை மகளின்ரை கலியாணத்தை வைச்சுக்கொண்டு ஒரு தாய் வீட்டை இப்பிடி இருட்டாய் வைச்சிருந்தால், பாக்கிற சனம் என்ன நினைக்கும்?

— சனம் எண்டு உங்களைத்தானே சொல்லுறியள்.

— என்னையும் சேர்த்துத்தான். ஏன் தலை ஈரமாய்க் கிடக்கு? இந்த நேரத்திலை முழுகினனீரோ?

— தூள் தலையிலை கொட்டுப்பட்டுப் போச்சு.

— மில் ஓடாமல் தூளோ?

— சாக்கு அவிட்டனான், அக்கா. இருங்கோ. அந்தக் கதிரையிலை வேண்டாம், லேபிள் கிடக்கு.

— இதென்ன புது லேபிள்? முந்தி பிரெஞ்சும் இங்கிலீசுமாய் எல்லோ இருந்தது.

— அது இஞ்சை விக்கிற பைக்கு. இது அமெரிக்காவுக்குப் போற பைக்கு. அவைக்குக் கொழுப்பு, உப்பு எல்லாம் அவையின்ரை முறையிலை, அவை சொல்லுற பெட்டிக்குள்ளை எழுத வேணும். அளவும் வேறை.

— ஒரு வறுத்த தூளுக்கு ஊருக்கொரு சட்டை. கலியாணப் பொம்பிளை கஜந்தினிக்குக் கூட நீர் இவ்வளவு மாத்துச் சீலை எடுக்கேல்லை.

— அவளை நான் எல்லை கடத்தத் தேவையில்லையே.

— ஏன் தேவையில்லை? சுவிஸுக்குத்தானே கட்டிக் குடுக்கிறீர். அது சரி, நேற்று லோட் வெளிக்கிட்டது. நான் யன்னலாலை பாத்தனான். லொறிக்காரன் ஜில் உம்மடை சாக்குக்குப் பக்கத்திலை நிண்டு சிகரெட் குடிச்சவன். நான் சொல்லுறன் எண்டு அவனுக்குச் சொல்லாதையும்.

— லோட் போகேல்லை, அக்கா. எல்லையிலை மறிச்சுப் போட்டாங்கள்.

— யேசுவே. என்னத்துக்கு?

— ஏஜென்றோடை கதைக்க வேணுமாம். ஏஜென்ற் போன் எடுக்கிறாரில்லையாம்.

— ஆர் உம்மடை ஏஜென்ற்?

— ஆரோ? நியூ ஜேர்சியிலை இருக்கிற என்ரை விமலண்ணைதான். ஏன் அக்கா, முகத்தைத் திருப்புறியள்?

— தும்மல் வருதோ எண்டு பாத்தனான். வரேல்லை.

— தேத்தண்ணி போடட்டே?

— வேண்டாம். உம்மடை அண்ணை பெற்றோல் செற்றிலை காசு வாங்கிற மனிசன் எல்லோ. அவர் எப்பிடி ஏஜென்ற் ஆனவர்?

— அமெரிக்காவிலை பிளேன் மோதி அந்தக் கோபுரம் ரெண்டும் விழுந்தாப் பிறகு வந்த சட்டம், அக்கா. சாப்பாட்டுச் சாமானுக்குள்ளை ஆரும் நஞ்சைக் கலந்து அனுப்பிப் போடுவாங்கள் எண்டு அவைக்குப் பயம். அமெரிக்காவுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பிற ஒவ்வொரு இடமும் பதிய வேணும். இந்த ஒரு அறையும் ஒரு மில்லும் எண்டாலும் பதிய வேணும். லொறி எல்லைக்குப் போய்ச் சேர முதல், இன்ன சாமான் வருது எண்டு அறிவிக்க வேணும். அதோடை அங்கை இருக்கிற ஒராளின்ரை பேர் குடுக்க வேணும். ஏதும் சந்தேகம் எண்டால் அவையள் எனக்கு எடுக்க மாட்டினம். அந்த ஆளுக்குத்தான் எடுப்பினம்.

— நடக்க முதல் அறிவிக்கிறதோ. எங்கடை ஆக்களுக்குச் சரிவராத சட்டம். நாங்கள் எல்லாம் முடிஞ்சாப் பிறகெல்லோ அறிவிக்கிறனாங்கள்.

— ஓம். நானும் இண்டைக்கு அதைத்தான் நினைச்சனான்.

— எதை நினைச்சனீர்?

— சும்மா. எங்கடை ஆக்களை. புரோக்கர் கோஸ்தா அப்பவே சொன்னவன். அந்தக் கிரேக்கனுக்கு எங்கடை குணம் தெரியும், அவையும் எங்களைப் போலத்தானே. இந்த வேலைக்கெண்டே கொம்பனி இருக்கு, மிசிஸ் பாலா, சொந்தக்காரரைப் போடாதை, சொந்தக்காரர் கோவிப்பினம், வீடு மாறுவினம், படுத்துப் போவினம் எண்டவன். நான் கேட்டனே? கூடப் பிறந்தவன் அங்கை இருக்க, முன்பின் தெரியாதவனுக்கு ஏன் குடுப்பான் எண்டு அண்ணையின்ரை பேரைப் போட்டன்.

— ஆரும் அப்பிடித்தான் போடுவினம்.

— அவைக்குத் தேவை வந்தால் சாமத்திலையும் எடுப்பினமாம் அண்ணை எண்டு சொன்னன். எடுக்கட்டும், நீ பயப்பிடாதை, என்ரை போன் ஒருநாளும் அடிச்சுக்கொண்டு கிடவாது எண்டவர். பேந்து பாத்தால் மனிசன் கார்ட் அடிச்சு வைச்சிருக்கு. கோயிலிலை சந்திக்கிறவைக்கெல்லாம் எடுத்து நீட்டிறதாம். அமெரிக்க ஏஜென்ற் எண்டு பெரிசாய். அங்கத்தைச் சனம் இவர் ஏதோ உளவு பாக்கிறார் எண்டு பயந்து, கிட்ட வந்து கதைக்கிறதையே குறைச்சுப் போட்டுதாம்.

— என்னட்டையும் ஒரு கார்ட் தந்தவர், போன வருசம் வந்தநேரம். பைபிளுக்குள்ளை வைச்சிருக்கிறன்.

— அதிலை இருக்கிற நம்பருக்குத்தான் லோட் மறிச்ச நேரம் தொடக்கம் அடிக்கிறாங்கள். அண்ணை எங்கை போயிருப்பார், அக்கா?

— என்னைக் கேட்டால்?

— உங்களைக் கேக்காமல் ஆரைக் கேக்கிறது? டொரன்ரோவிலை ஒரு வீட்டிலை கறி கருகினால் உங்களுக்கு இஞ்சை மணக்கும்.

— புளோரிடா போயிருப்பார்.

— புளோரிடாவோ?

— ஓம், சனம் போறதுதானே. கடற்கரை. நெஞ்சுக்கும் நல்லதாம்.

— மருமகளின்ரை கலியாணத்துக்கு இஞ்சை வரவேண்டிய தாய்மாமன், வியாழக்கிழமை கடற்கரையிலை கால் நனைச்சுக்கொண்டு நிக்கிறாரோ?

— நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனான். இஞ்சை பாரும், அருமைராசா வாறார். உம்மடை மனிசனையே கேளும்.

— இஞ்சாருங்கோ, அண்ணை இன்னும் போன் எடுக்கேல்லை. லோட் நிக்குது. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை ஏஜென்ற் கதைக்காட்டில் திருப்பி அனுப்புவினமாம்.

— அதொண்டுமில்லை, பாலா. விமலண்ணைக்குக் காய்ச்சல். அவரின்ரை மகன் விதுர்சன் எடுத்துச் சொன்னவன். மருந்து குடிச்சிட்டு நித்திரையாய் இருப்பார். அதொண்டுமில்லை.

— சிசிலி அக்கா புளோரிடா எண்டுறா.

— நான் சொன்னதும் சரி, புளோரிடாவிலை காய்ச்சலாக்கும். அங்கை நுளம்பு கூட எல்லோ.

— அக்கா சொல்லுறதைப் பெரிசாய் எடுக்காதையும். நான் அந்தக் கோஸ்தாவோடை கதைச்சு வேறை ஏஜென்ற் போடுறன். கலியாணம் முடியட்டும்.

— முன்னுக்குப் போன் அடிக்குது. லொறிக்கார ஜில் போலை. வாறன்.

— போயிட்டாவோ?

— போயிட்டா, தம்பி. கதவைச் சாத்தும். இனி என்னாலை ஏலாது.

— சிசிலி அக்கா, கையெடுத்துக் கும்பிடுறன். இன்னும் மூண்டு நாள்.

— கும்பிடாதையும், நான் சிலுவைக்காரி. என்னட்டைச் சொன்னதே உம்மடை பிழை.

— நான் எங்கை சொன்னனான்? படியிலை நிண்டு விதுர்சனோடை கதைச்சு அழேக்கை நீங்கள்தானே கதவைத் திறந்தியள்.

— மனிசர் அழுற சத்தம் கேட்டால் கதவு திறக்க மாட்டினமே? அவவைப் பாத்தீரே? செவ்வாய்க்கிழமை செத்த மனிசனுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறீர். அவ அந்த நம்பரைச் சுத்திக்கொண்டு இருக்கிறா. கூடப் பிறந்தவவுக்குச் சொல்லாமல் எரிக்கப் போறியள், என்ன?

— சனிக்கிழமை எரிக்கினம். எனக்கு மட்டும் என்ன, சந்தோசமோ? அவர் எனக்கு மச்சான் மட்டுமில்லை. இந்தக் குளிருக்குள்ளை நான் வந்து இறங்கேக்கை தன்ரை கோட்டைக் கழட்டிப் போட்டு விட்ட மனிசன். ஆனால் பாலாவின்ரை காதிலை விழுந்துதெண்டால் அந்த நிமிசம் சாவுத் துடக்கு. ஐயரிட்டைக் கேட்டனான். கேள்விப்பட்ட நேரத்திலை இருந்துதான் துடக்கு, அறியாதவைக்கு இல்லை எண்டவர். அறிஞ்ச தாய் மணவறையிலை நிக்கேலாது. தாய் நிக்கேலாட்டில் மாப்பிள்ளையின்ரை தாய் நிப்பாட்டுவா. நாள், நட்சத்திரம், சகுனம் எண்டு ஏற்கெனவே மூண்டு தரம் தேதி மாத்தின மனிசி. நாலாந்தரம் மாத்த மாட்டா, சம்பந்தத்தையே விட்டிட்டுப் போவா. பேந்து கஜந்தினிக்கு ஆர் பதில் சொல்லுறது?

— அந்த மனிசியைத்தானே மேலை என்ரை வீட்டிலை கொண்டுவந்து இருத்தப் போறீர்.

— வேறை எங்கை, அக்கா? உங்கடை வீட்டிலைதான் அறை இருக்கு. அதுக்காகத்தான் கெஞ்சுறன். அவவோடை சாமி கதையுங்கோ, சமையல் கதையுங்கோ. ஏஜென்ற், அண்ணை, நியூ ஜேர்சி ஒண்டும் வேண்டாம்.

— எனக்குக் கதைக்கிறதுக்கு வேறை விசயமே இல்லை எண்டு நினைக்கிறீர் போல. ஆனால் தம்பி, உமக்கு ஒண்டு விளங்கேல்லை. நீர் ஐயரை மடக்கிப் போட்டீர். பாலாவை மடக்கிப் போட்டீர். என்னை மடக்கிறது பெரிசில்லை. அந்த எல்லைக் கந்தோர்க்காரனை எப்பிடி மடக்கப் போறீர்? அவன் விடாமல் எடுப்பானாம்.

— விதுர்சனுக்குச் சொல்லியிருக்கிறன். மொன்றியலிலை இருந்து ஆர் எடுத்தாலும் அப்பா நித்திரை எண்டு சொல்லு எண்டு.

— மொன்றியலிலை இருந்து எடுத்தால் சரி.

— சத்தம் போடாதையுங்கோ, வாறா.

— ஏன் கதவைச் சாத்தி வைச்சிருக்கிறியள்?

— அதொண்டுமில்லை, குளிர் காத்து.

— ஆவணி மாசத்திலையோ?

— பாலா, போன்லை ஆர்? நீர் பிரெஞ்சிலை மெர்சி, மெர்சி எண்டு நன்றி சொன்னது இந்த அக்காவின்ரை காதிலை விழுந்துது.

— ஜில்தான். இன்னும் எல்லையிலைதான் நிக்கிறானாம். இஞ்சாருங்கோ, நீங்கள் வெளிக்கிடேல்லையே? சுவிஸ் பிளேன் இறங்கிற நேரமாகுது. சம்பந்தியைக் காக்க வைக்காதையுங்கோ. பூமாலை முன் சீற்றிலை கிடக்கு, அதுக்கு மேலை இருந்திடாதையுங்கோ.

— ஓம் ஓம். நான் போட்டு வாறன். நீர் சாப்பிடும். காலமையும் சாப்பிடேல்லை.

— பேந்து சாப்பிடுறன்.

— அக்கா, வரட்டே.

— கவனமாய்ப் போட்டு வாரும், தம்பி.

— கார் வெளிக்கிட்டிட்டுது. அக்கா, உங்கடை போனைக் கொஞ்சம் தாறியளே?

— என்னத்துக்கு?

— அண்ணையின்ரை வீட்டிலை எங்கடை வீட்டு நம்பர் விழுந்தால் எடுக்கினமில்லை. உங்கடையிலை இருந்து அடிச்சுப் பாப்பம்.

— என்ரை போன் வேலை செய்யேல்லை.

— காலமை நீங்கள் தங்கச்சியோடை கதைச்சது கீழை கேட்டுது.

— கதைச்சுக் கதைச்சுத்தான் பழுதாப் போச்சு. பாலா, விடும். ஒரு லோட் தானே. தூள்தானே. இன்னொருக்கால் வறுக்கலாம்.

— தூள் இல்லை, அக்கா. என்னெண்டால், அவர் ஒருநாளும் எடுக்காமல் விட்டதில்லை. குளிக்கேக்கையும் போனைக் குளியலறை யன்னலிலை வைச்சிருப்பார். எனக்கு ஏஜென்ற் ஆன நாள் தொடக்கம் மனிசன் ஒழுங்காய் நித்திரை கொண்டதில்லை எண்டு அண்ணி ஏசுறவ. அப்பிடிப்பட்டவர் எடுக்காமல் விடுறதெண்டால் என்ன எண்டு நினைக்கிறியள்?

— நான் என்னத்தை நினைக்க.

— நினைக்கிறியள். செபமாலையை எடுக்கிறியள். பகலிலை நீங்கள் செபமாலை சொல்லி நான் கண்டதில்லை.

— வயசு போகுது.

— அண்ணை கோவமோ எண்டும் யோசிச்சனான். கூறைச் சீலை எடுக்க அவரைக் கேக்கேல்லை. தாய்மாமனைக் கேக்காமல் எடுத்திட்டன் எண்டு கோவிச்சுக்கொண்டு இருக்கிறாராக்கும்.

— ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. அந்த மனிசனுக்கு உம்மிலை கோவம் வராது. உம்மடை பேரைச் சொன்னாலே முகம் மலர்ற மனிசன். அதை மட்டும் நினையாதையும் பாலா, பாவம், அதை மட்டும் நினையாதையும்.

— அப்ப வேறை என்னத்தை நினைக்கிறது? சொல்லுங்கோ.

— என்னைக் கேளாதையும்.

— எனக்கொரு ஆள் சொல்ல வேணும், அக்கா. இந்த வீட்டிலை எல்லாரும் என்ரை முகத்தைப் பாக்காமல் சுவரைப் பாத்துக் கதைக்கினம். அவர் ரெண்டு நாளாய்க் குசினிக்குள்ளை வந்து தண்ணி குடிக்கிறதும் இல்லை. நீங்கள் சனத்துக்குச் சொல்லாத விசயம் ஒண்டு இருக்கோ? எனக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறியள்?

— நான் ஒளிக்கேல்லை. உம்மடை அண்ணைக்குக் காய்ச்சல்.

— புளோரிடாவிலை.

— ஓம், புளோரிடாவிலை. பாலா, என்னைப் பாக்காதையும் அப்பிடி. நான் பொல்லாதவள்தான். வாய் நீளம்தான். அருமைராசா வந்து என்னைக் கொல்லட்டும். ஆனால் ஒரு பொம்பிளையை இப்பிடி இருத்தி வைச்சு ஏமாத்த என்னாலை ஏலாது. வாரும், கிட்ட வாரும். என்ரை கையைப் பிடியும். நான் ஒண்டு சொல்லப் போறன்.

— சொல்லாதையுங்கோ.

— என்ன?

— வாயை மூடுங்கோ, அக்கா. அழாதையுங்கோ. முகத்தைத் துடையுங்கோ. இந்தாங்கோ என்ரை சீலைத் தலைப்பு. இவ்வளவு நேரம் தாங்கினியள், கெட்டிக்காரி. சம்பந்தி மேலை வந்து தங்கேக்கை வாய் திறப்பியளோ எண்டு பாக்கத்தான் இவ்வளவும் கேட்டனான், அரை மணித்தியாலம் கூடத் தாங்க மாட்டியள் எண்டு நினைச்சனான். கடைசியிலை கொஞ்சம் வழுக்கினியள், அது என்ரை அழுத்தத்தாலை. சம்பந்தி அப்பிடி அழுத்த மாட்டா. அவவுக்கு அண்ணையின்ரை பேர் கூடச் சரியாய்த் தெரியாது.

— நீர் என்ன கதைக்கிறீர்? லோட்?

— லோட் மத்தியானமே எல்லை தாண்டிப் போட்டுது. முன்னுக்கு வந்த போனிலை ஜில் அதைத்தான் சொன்னவன். கோஸ்தா காலமையே கொம்பனி ஏஜென்ற் ஒண்டைப் பிடிச்சுத் தந்திட்டான். என்னத்துக்கு அவசரமாய் ஆளை மாத்திறாய் எண்டு அவனும் கேக்கேல்லை. என்ரை குரலிலை விளங்கியிருக்கும்.

— அப்ப உமக்கு ஆர் சொன்னது? யேசுவே, ஆர் சொன்னது?

— எல்லைக் கந்தோரிலை இருந்து ஒரு பொம்பிளை, காலமை. நல்ல தன்மையான மனிசி. உங்கடை ஏஜென்றின்ரை வீட்டுக்கு எடுத்தனாங்கள், மகன் கதைச்சவர் எண்டா. எங்களுக்கெண்டால் விதுர்சன் அப்பா நித்திரை எண்டு சொல்லுவான், அக்கா. வளர்ந்த பொடியன், அரசாங்கக் கந்தோருக்குப் பொய் சொல்லக்கூடாதெண்டு அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை படிச்சவன். அவன் உள்ளதைச் சொல்லிப் போட்டான். அவ எனக்கு ஐ ஆம் சோரி எண்டா. நான் தாங்க் யூ எண்டு சொல்லிப் போட்டு மில்லும் போடாமல் போய்த் தலை முழுகினன்.

— ஐயோ பாலா. அப்ப வந்து இரும், ஒருக்கால் எண்டாலும் அழும். இஞ்சை ஒருத்தரும் இல்லை. நான் கதவைச் சாத்துறன்.

— வேண்டாம். சம்பந்தி வாற நேரம். அவரிட்டையும் சொல்லாதையுங்கோ, எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டுதான் அவர் நடமாடுறார், தெரியுமெண்டால் விழுந்து போவார். வெள்ளைக்காரி இங்கிலீசிலை சொன்னதை நான் துடக்குக்குக் கேட்ட கணக்கிலை சேர்க்கேல்லை. தமிழிலை இன்னும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறின உடனை நீங்கள்தான் மேலை கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திப் போட்டு எனக்குச் சொல்ல வேணும்.